பாரிசவாதத்தின் பின் வரும் மனச்சோர்வு: கோர்ட்டிசோல் சோதனை தேவையா?

கேள்வி: எனது கணவருக்கு 61 வயது. நான்கு மாதங்களுக்கு முன்னர் பாரிசவாதம் வந்து இடக்கையும் இடக்காலும் இழுத்துவிட்டன. இப்போது பொல்லூன்றி முற்றம் வரை நடக்கிறார். ஆனால் விடியப்புறம் 3 மணிக்கே விழித்து முகட்டைப் பார்த்தபடி கிடக்கிறார். எங்கள் வட்டையில் வெள்ளாமை வெட்டிய அன்றுகூட, எத்தனை மூடை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைப்பயிற்சிக்குக் கொடுத்த பந்தைத் தொடுவதேயில்லை. உறவினர் சோம்பல் என்கிறார்கள். மகனோ, கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் கூடியிருக்கும், இரத்தம் சோதிக்க வேண்டும் என்கிறான். எது சரி?
– வாசகி, திருக்கோவில்

பதில்: சகோதரி, இது சோம்பல் அல்ல. பாரிசவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் அதற்குப் பெரிதும் பொருந்துகின்றன. கிளினிக்கில் பிரஷரும் சீனியும் பார்க்கிற அளவுக்கு மனநிலையை யாரும் விசாரிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய குறை.

மகன் சொல்வதிலும் உண்மை உண்டு. உடலுக்கு நெருக்கடி நேர்ந்தால் மூளையின் அடிப்பகுதியிலிருந்து கபச்சுரப்பிக்கும், அங்கிருந்து சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனல் சுரப்பிகளுக்கும் கட்டளை போக, அவை கோர்ட்டிசோலைச் சுரக்கின்றன. போதிய அளவு சுரந்ததும் மூளையே அதை நிறுத்த வேண்டும். பாரிசவாதத்தின் பின்னர் சிலரில் அந்தக் கடிவாளம் தளர்ந்து, இரவில் தாழ வேண்டிய கோர்ட்டிசோல் தாழாமல் நிற்கிறது. அது நீடித்தால் நினைவையும் மனநிலையையும் ஆளும் பகுதிகள் பாதிப்படையக்கூடும். ஆனால் மனச்சோர்வுக்கு அது மட்டுமே காரணமல்ல. மூளையில் அறுந்த தொடர்புகள், அழற்சி, நேற்றுவரை வரம்பு கட்டிய கை இன்று சேட்டுப் பொத்தானைக்கூடப் பூட்ட மறுக்கும் வேதனை ஆகிய எல்லாம் ஒன்றாகவே சேர்கின்றன.

ஆயினும் அந்தச் சோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்பேன். கோர்ட்டிசோல் காலையில் உச்சத்திலும் நள்ளிரவில் அடியிலும் இருப்பது; காய்ச்சலோ ஊசிப் பயமோகூட அதை ஏற்றிவிடும். எந்த எண் வந்தாலும் மனச்சோர்வுக்கான சிகிச்சை மாறப்போவதில்லை. அதைவிட, தைரொயிட்டையும் இரத்தத்தில் சோடியத்தையும் பார்ப்பது பயன் தரும்.

அடுத்த கிளினிக்கில் இந்தக் கடிதத்தில் எழுதியவற்றையே அப்படியே சொல்லுங்கள். மாத்திரை தந்தால், அது வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும். இடையில் நிறுத்தக் கூடாது. அவர் அஸ்பிரின் எடுப்பவரானால் அதையும் வைத்தியருக்கு நினைவூட்டுங்கள், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் அதனுடன் சேரும்போது இரத்தக்கசிவு கூடலாம். கையும் விரைவில் தேறும் என்ற நம்பிக்கையில் இம்மாத்திரைகளைக் கேட்பவர்கள் உண்டு. 2018இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் 3,127 பேர் பங்கேற்றனர். அதில் புளுவொக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையை எடுத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக வந்தது. ஆனால் அன்றாட இயக்கம் கூடுதலாகத் தேறவில்லை, எலும்பு முறிவோ சற்று அதிகரித்தது. ஆகவே மாத்திரை மனதுக்கு, பயிற்சி கைக்கு.

பந்தை விட்டுவிடுங்கள். காயப்போட்ட நெல்லில் ஒரு பிடியை அவரது இடக்கையில் வைத்து, காய்ந்துவிட்டதா என்று கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தீர்ப்பை அவரைத் தவிர வேறு யார் சொல்வது? சாவைப் பற்றிப் பேசினாலோ, உணவை மறுத்தாலோ, கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற இலங்கைத் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.