முதலில் தெர்மாமீட்டர்

அன்புள்ள சார்,

தேனை நொதிக்க வைத்து மீட் என்கிற தேன் மதுவை வீட்டிலேயே செய்யலாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து கை பரபரக்கிறது. 5 லிட்டர் கண்ணாடி ஜாடி வாங்கிவிட்டேன். 2 கிலோ தேன், இரண்டு ஆரஞ்சு, பட்டை, கிராம்பு, வெனிலா போட்டு மொத்தம் 4.5 லிட்டர் செய்வதாகத் திட்டம். இனிப்பாக வரவேண்டும். வலுவான ஈஸ்டாக இருக்கட்டும் என்று லால்வின் இசி-1118 எடுக்க நினைத்தேன். தேனுக்கு டி47தான் சரி என்கிறார் ஒரு நண்பர். எங்கள் வீட்டில் எப்போதும் 27 டிகிரி இருக்கும். எது நல்லது? ரொட்டி ஈஸ்ட் போதாதா?

ச.

அன்புள்ள ச.,

போகிற போக்கில் 27 டிகிரி என்று சொல்லிவிட்டுப் போகிறீர்கள். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

டி47 நல்ல ஈஸ்ட்தான். தேனின் மணத்தைக் காப்பாற்றும், வாயில் ஒரு திடம் தரும். ஆனால் அது 15 முதல் 20 டிகிரிக்குள் வேலை செய்ய வேண்டியது. அதற்கு மேல் சூடேறினால் தொண்டையை எரிக்கும் கனத்த ஆல்கஹால்கள் உண்டாகும். அவை அடங்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நொதிக்கும் திரவம் தானாகவே சூடாகும், அறையைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகத்தான் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு 71பி என்கிற ஈஸ்டை எடுங்கள். 30 டிகிரி வரை தாங்கும். புளிப்புத் தரும் மாலிக் அமிலத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால் புளிப்பு மென்மையாகும், சீக்கிரமே குடிக்கத் தகுந்ததாக இருக்கும். அப்படியும் முதல் வாரம் ஜாடியை ஒரு தொட்டித் தண்ணீரில் வைத்துவிடுங்கள்.

இசி-1118 முரட்டு ஆள். 18 சதவீதம் ஆல்கஹால் வரை போகும், எதையும் மிச்சம் வைக்காது. இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். 1 கிலோ தேனைக் கரைத்து மொத்தம் 4.5 லிட்டர் ஆக்கினால் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் (வெறும் தண்ணீருக்கு 1.000) ஏறத்தாழ 1.065 காட்டும். 2 கிலோ என்றால் 1.130. முழுவதும் நொதித்தால் 17 சதவீதம். இந்த ஈஸ்ட் அத்தனையையும் தின்றுவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது இனிப்பே இல்லாத, நெருப்பு மாதிரி ஒன்று. பாதியில் மூச்சுமுட்டி நின்றாலோ பாகு மாதிரி இனிக்கும். எங்கே நிற்கும் என்பது நம் கையில் இல்லை. பாக்கெட்டில் போட்டிருக்கும் சதவீதம் உத்தேசம்தான். ஈஸ்ட் அதைப் படித்துப் பார்ப்பதில்லை.

அதனால் நான் சொல்வது இது: முதல் ஜாடிக்கு 1.2 கிலோ தேன் போதும். தண்ணீர் 4.5 லிட்டர் ஊற்றாதீர்கள்; தேனும் தண்ணீரும் சேர்ந்து 4.5 லிட்டர் வரவேண்டும். அடர்த்தி 1.078 வாக்கில் இருக்கும். அது இனிப்பே இல்லாமல் முழுக்க நொதித்து முடியட்டும், 10 சதவீதத்தை ஒட்டி வரும். இனிப்பைப் பிறகு நீங்கள் சேருங்கள். ஹைட்ரோமீட்டர் அளவு ஒரு வாரம் மாறாமல் நின்று, தெளிந்து, வண்டலிலிருந்து வேறு ஜாடிக்கு மாற்றிய பின், பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டும் பொட்டாசியம் சார்பேட்டும் போட்டு ஈஸ்ட் மறுபடி கிளம்பாமல் பார்த்துக்கொண்டு, 200 கிராம் தேன் சேர்த்தால் 1.010 பக்கம் வரும். அது நாக்குக்குத் தெரிகிற இனிப்பு. ஈஸ்டை அடக்கும் இந்தப் படியைச் செய்யாமல் இனிப்போடு பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடிக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தெளிவது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மதுவுக்கு நம்மிடம் இருக்கும் பழைய சொல் தேறல். தேறுதல் என்றால் தெளிதல். பொறுமை பேரிலேயே இருக்கிறது.

அப்புறம் ஈஸ்டுக்குச் சாப்பாடு. தேனில் சர்க்கரை ஏராளம், நைட்ரஜன் மிகக் குறைவு. பட்டினி கிடக்கும் ஈஸ்ட் அழுகிய முட்டை நாற்றம் விடும். ஃபெர்மெய்ட்-ஓ போன்ற ஈஸ்ட் ஊட்டத்தை மொத்தமாகக் கொட்டாமல் நான்கு பங்காக்கி, ஈஸ்ட் போட்ட 24, 48, 72 மணி நேரத்தில் ஒவ்வொரு பங்காகப் போடுங்கள். கடைசிப் பங்கை, சர்க்கரையில் மூன்றில் ஒரு பகுதியை ஈஸ்ட் தின்று தீர்த்ததும் போடலாம். போடுமுன் மெதுவாகக் கலக்கி வாயுவை வெளியேற்றிவிடுங்கள். நான் ஒருமுறை பொடியை அப்படியே தூவினேன். ஜாடி பொங்கி மேசை, சுவர், தரை எல்லாம் தேன். எறும்புகள் ஒரு வாரம் விருந்து கொண்டாடின.

ரொட்டி ஈஸ்டாலும் மீட் வரும், குறையொன்றும் இல்லை. வண்டல் இறுகிப் படியாது, கொஞ்சம் ஆட்டினாலே கலங்கும். 5 கிராம் ஒயின் ஈஸ்ட் பாக்கெட் கிடைக்கும்போது எதற்கு வம்பு?

மசாலாவை இந்த முறை தள்ளிவையுங்கள் என்பேன். கேட்கமாட்டீர்கள், தெரியும். சரி, நொதித்து முடிந்தபின் போடுங்கள். ஆரம்பத்திலேயே போட்டால் மணத்தில் பாதி வாயுவோடு ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் மூடி) வழியாகப் போய்விடும். ஆரஞ்சில் மேல்தோலின் சீவல் மட்டும்; சர்க்கரை போனபின் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியின் கசப்பு நன்றாகத் தெரியும். கிராம்பு ஒன்றே ஒன்று; மூன்று நாளில் ருசி பார்த்து எடுத்துவிடுங்கள். வெனிலா அடுத்த ஜாடிக்கு.

வீட்டில் மது செய்வதற்கான சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதைப் பார்த்துவிட்டே தேன் வாங்குங்கள். ஜாடியில் ஒரு சீட்டு ஒட்டி தேதி, தேனின் எடை, ஹைட்ரோமீட்டர் அளவு, வெப்பநிலை எல்லாம் எழுதி வையுங்கள். என் முதல் மீட் பிரமாதமாக வந்தது. எதையும் எழுதி வைக்கவில்லை. இன்னமும் அந்த ருசியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.