பி.கே. பானர்ஜி வெறும் பேச்சாளரா?

கேள்வி: பி.கே. பானர்ஜி நல்ல கால்பந்து வீரர், ஒப்புக்கொள்கிறேன். பயிற்சியாளராகவும் அவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? ஆட்டத்துக்கு முன் உணர்ச்சி பொங்கப் பேசுவார், அவ்வளவுதானே? நட்சத்திர வீரர்கள் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் கோப்பை வாங்கலாமே?

பதில்: அப்படி யாரும் வாங்கிவிட முடியாது. கல்கத்தாவின் இரண்டு பெரிய போட்டிக் கிளப்புகள் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும். 1975-ல் ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று மோகன் பகானை நொறுக்கியது. அன்று ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளர் பி.கே. மறு ஆண்டே அவர் மோகன் பகானுக்குப் போனார். 1970 முதல் தொடர்ந்து ஆறு முறை கல்கத்தா லீக் பட்டத்தைக் கையில் வைத்திருந்த ஈஸ்ட் பெங்காலிடமிருந்து 1976-ல் மோகன் பகான் அதைப் பறித்தது. சில வீரர்களும் அணி மாறி வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவ்வளவு பெரிய அடி வாங்கிய அணியை ஒரே வருடத்தில் நிமிர்த்துவது பேச்சால் மட்டும் ஆகிற காரியமா?

1977-ஐப் பாருங்கள். லீக் பட்டம் மறுபடி ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டது. மோகன் பகான் ரசிகர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். அந்தச் சூழலில்தான் செப்டம்பர் 24-ம் தேதி ஈடன் கார்டனில் பெலே ஆடிய அமெரிக்க அணியான நியூயார்க் காஸ்மாஸோடு மோகன் பகான் 2-2 என்று சமன் செய்தது. அப்புறம் ஐ.எஃப்.ஏ. கேடயம், ரோவர்ஸ், டூராண்ட் என்று மூன்று கோப்பைகளையும் அதே பருவத்தில் வென்றது. தோற்றுத் துவண்ட வீரர்களை எழுப்பி நிறுத்தத் தெரிவதும் பயிற்சியாளரின் வேலைதான். அவருடைய பேச்சுக்கு ‘வோக்கல் டானிக்’ (குரல் மருந்து) என்று பெயர் வந்ததைப் பிடித்துக்கொண்டு, மைதானத்தில் நடந்ததை நீங்கள் விட்டுவிட்டீர்கள். 1972-ல் அவரிடம் ஆடிய ஈஸ்ட் பெங்கால் லீக் முழுவதும் ஒரு கோல்கூட வாங்கவில்லை. தற்காப்பைச் சொல்லிக் கொடுக்காமல் அது நடக்காது.

இன்னொன்று. அவர் ஆடிய காலத்தில் இந்த இரண்டு பெரிய கிளப்புகளிலும் இருந்ததில்லை. பெரும்பாலும் ஈஸ்டர்ன் ரயில்வே அணியிலேயே இருந்தார். 1958-ல் அந்த ரயில்வே அணியே லீக் பட்டத்தை வென்று பெரிய கிளப்புகளைத் திகைக்க வைத்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணித்தலைவராக பிரான்ஸுக்கு எதிராகக் கோல் அடித்து ஆட்டத்தை 1-1 என்று முடித்தார். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய இறுதி ஆட்டத்திலும் அவர் கோல் உண்டு. பெரிய பெயர்கள் இல்லாத அணியிலிருந்து பெரிய அணிகளை எதிர்த்து ஆடிய அனுபவம், பயிற்சி கொடுக்கும்போது அவருக்கு நிச்சயம் கைகொடுத்திருக்கும்.

தேசிய அணியின் பயிற்சியாளராக அவர் சாதித்தது என்ன என்று கேட்டிருந்தால் உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் பலம் இருந்திருக்கும். 1982 டெல்லி ஆசியப் போட்டியில் சொந்த மண்ணில் கால் இறுதியில் சவுதி அரேபியாவிடம் 0-1 என்று தோற்றோம். அதில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பக்கத்திலும் 1970 பாங்காக் ஆசியப் போட்டி வெண்கலம் இருக்கிறது. இன்னொரு பயிற்சியாளரான ஜி.எம்.எச். பாஷாவோடு சேர்ந்து அவர் தயார் செய்த அணி அது. அதன் பிறகு எத்தனையோ பயிற்சியாளர்கள், வெளிநாட்டிலிருந்தும் வந்து போய்விட்டார்கள். ஆசியப் போட்டிக் கால்பந்தில் ஆண்கள் அணிக்கு இன்னொரு பதக்கம் வரவில்லை.