மொனிட்டரில் படம் வரவில்லையா? மதர்போர்டைக் கழற்றுமுன் கேபிளின் திசையைப் பாருங்கள்

கேள்வி: சம்மாந்துறையிலுள்ள இரண்டு அரிசி ஆலைகளின் கணக்குகளை வீட்டிலிருந்தே பார்த்து வருகிறேன். மடிக்கணினியின் சிறிய திரையில் நீளமான அட்டவணைகளைப் பார்ப்பது கண்ணுக்குச் சிரமமாக இருப்பதால், கட்டாரிலிருந்து வந்த தம்பி கொண்டுவந்து தந்த 24 அங்குல மொனிட்டரை இணைக்க முயன்றேன். அதில் படக் கேபிளைச் செருக விஜிஏ, டிஸ்பிளே போர்ட் ஆகிய இரண்டு துளைகள் மட்டுமே உள்ளன. விண்டோஸ் 11 இயங்கும் என் மடிக்கணினியில் எச்டிஎம்ஐ ஒன்றும் டைப்-சி ஒன்றும் உள்ளன. ஒரு முனையில் எச்டிஎம்ஐயும் மறுமுனையில் டிஸ்பிளே போர்ட்டும் உள்ள கேபிளை வாங்கி இணைத்தால், ‘நோ சிக்னல்’ என்று காட்டிவிட்டுத் திரை அணைந்துவிடுகிறது. எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்கும் சிறு கன்வேர்ட்டர் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தபோது படம் வந்தது. ஆனால் இடையிடையே திரை கறுத்து, சில விநாடிகளில் மீண்டும் வருகிறது. சார்ஜர் செருகியிருக்கும்போது கேபிளின் உலோக முனையில் கை பட்டால் இலேசாக விறுவிறுக்கிறது. திருத்துமிடத்தில் காட்டியபோது கணினியின் பிரதான சுற்றுப் பலகையான மதர்போர்ட் பழுது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? — வாசகி, ஆரையம்பதி.

பதில்: மாற்ற வேண்டாம் சகோதரி. மதர்போர்ட் பழுதாகவில்லை என்பதற்கான சான்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கன்வேர்ட்டர் வழியாக விஜிஏயில் படம் வந்ததென்றால், அந்தப் படம் உங்கள் மடிக்கணினியின் அதே எச்டிஎம்ஐ போர்ட்டிலிருந்துதான் வெளியேறியிருக்கிறது. படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் பகுதியும், அதை வெளியே அனுப்பும் போர்ட்டும் வேலை செய்யாமல் அது நடந்திருக்க முடியாது. நீங்கள் எழுதியிருப்பவை ஒரே பழுதின் மூன்று அறிகுறிகள் அல்ல. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சிக்கல்கள். முதல் இரண்டும் சிறு செலவில் தீரக்கூடியவை. மூன்றாவதான அந்த விறுவிறுப்பைத்தான் நீங்கள் உடனடியாகக் கவனிக்க வேண்டும்.

முதலில் அந்தக் கேபிளைப் பார்ப்போம். எச்டிஎம்ஐயும் டிஸ்பிளே போர்ட்டும் முனையின் வடிவத்தில் மட்டும் வேறுபட்டவை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அவை படத்தை அனுப்பும் முறையே வேறு. 2006ஆம் ஆண்டு வெளிவந்த டிஸ்பிளே போர்ட், படத் தரவைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்புகிறது. எச்டிஎம்ஐ தொடர்ச்சியான ஓட்டமாக அனுப்புகிறது. கணினிகளிலுள்ள டிஸ்பிளே போர்ட்டுகளில் பெரும்பாலானவை, மறுமுனையில் எச்டிஎம்ஐ திரை இருப்பதை உணர்ந்தால் தம் முறையை மாற்றிக்கொண்டு எச்டிஎம்ஐ முறையிலேயே அனுப்பும் வசதியோடு செய்யப்பட்டவை. ஆகவே டிஸ்பிளே போர்ட் உள்ள கணினியிலிருந்து எச்டிஎம்ஐ உள்ள திரைக்குப் போக, விலை குறைந்த சாதாரணக் கேபிளே போதும். கடைகளில் அதிகம் கிடைப்பது அந்த வகைதான். ஆனால் கணினியின் எச்டிஎம்ஐ போர்ட்டால் டிஸ்பிளே போர்ட் முறையில் அனுப்பவே முடியாது. உங்களுக்கு வேண்டியது எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்பிளே போர்ட்டுக்குப் போகும் வழி. உங்கள் கையில் இருப்பது அநேகமாக எதிர்த்திசைக் கேபிள். இரண்டு முனைகளும் அழகாகப் பொருந்திவிடுவதால்தான் இந்தத் தவறு இவ்வளவு பரவலாக நடக்கிறது. கேபிளைத் தந்தவரும் அதை அறியாமல் தந்திருக்கலாம்.

புதிதாக எதையும் வாங்குமுன் உங்கள் மடிக்கணினியின் டைப்-சி போர்ட்டை வெளிச்சத்தில் வைத்துக் கூர்ந்து பாருங்கள். அதன் அருகில் ‘டி’ (D) எழுத்துக்குள் ‘பி’ (P) அமைந்தாற் போன்ற சிறு சின்னமோ, அம்பு முனையோடு கூடிய மின்னல் வடிவச் சின்னமோ பொறிக்கப்பட்டிருந்தால் அந்தப் போர்ட் படத்தையும் வெளியே அனுப்பும். வெறும் யூஎஸ்பி சின்னம் மட்டும் இருந்தாலோ, எதுவுமே இல்லாவிட்டாலோ முடிவு செய்துவிட வேண்டாம். மடிக்கணினியின் அடிப்பக்கத்திலுள்ள மாடல் இலக்கத்தைத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் தேடி, டைப்-சி பற்றிய வரியில் டிஸ்பிளே போர்ட் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், டைப்-சியிலிருந்து நேரடியாக டிஸ்பிளே போர்ட்டுக்குப் போகும் ஒரு கேபிளை மட்டும் வாங்கினால் போதும். உங்கள் நிலையில் இதுவே மிகச் சிறந்த வழி. நடுவில் கன்வேர்ட்டர் எதுவும் தொங்காது. அட்டவணையின் சிறிய இலக்கங்களும் விஜிஏயில் தெரிவதைவிடத் துல்லியமாகத் தெரியும். நாள் முழுவதும் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த வேறுபாடு சிறியதன்று.

உங்கள் டைப்-சி படத்தை அனுப்பாத வகையாக இருந்தால், எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்பிளே போர்ட்டுக்கு மாற்றும் மின்னணுக் கன்வேர்ட்டர் ஒன்று வாங்க வேண்டும். அதை அடையாளம் காண்பது எளிது: அதன் உடலிலிருந்து மின்சாரத்துக்காக ஒரு யூஎஸ்பி வால் நீண்டிருக்கும், அல்லது மின்சாரம் கொடுப்பதற்கென ஒரு சிறு துளை இருக்கும். இரண்டுமே இல்லாத ஒன்றை வாங்காதீர்கள். மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ கடைக்குப் போகும்போது கேபிளின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காமல், ‘கணினிப் பக்கம் எச்டிஎம்ஐ, மொனிட்டர்ப் பக்கம் டிஸ்பிளே போர்ட்’ என்று திசையோடு சேர்த்துக் கேளுங்கள். முடிந்தால் மடிக்கணினியையும் கையோடு கொண்டுபோய், அங்கேயே ஒரு மொனிட்டரில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, திரை கறுத்துக் கறுத்து வருவது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் கருவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. அது இயங்க மின்சாரம் வேண்டும். எச்டிஎம்ஐ போர்ட்டில் 5 வோல்ட் கொடுக்கும் ஒரு முனை உண்டு என்றாலும், அதிலிருந்து 55 மில்லி அம்பியர் கிடைப்பதற்கு மட்டுமே விதிமுறையில் உறுதி இருக்கிறது. சில கன்வேர்ட்டர்களுக்கு அது போதாது. போதாதபோது சிப் ஒரு கணம் அணைந்து மீண்டும் இயங்குகிறது. அதுதான் உங்கள் திரையில் தெரியும் கறுப்பு. இரவல் வாங்கிய கருவியின் பக்கவாட்டில் மைக்ரோ யூஎஸ்பித் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பழைய கைத்தொலைபேசியின் சார்ஜிங் கேபிள் ஒன்றினால் மடிக்கணினியின் யூஎஸ்பியிலிருந்து அதற்கு மின்சாரம் கொடுங்கள். பெரும்பாலும் அத்தோடு தொல்லை நின்றுவிடும். நிற்காவிட்டால் கருவி தொட முடியாத அளவுக்குச் சூடாகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் அது பழுதடையும் நிலையில் இருக்கிறது.

சரியான கேபிளை இணைத்த பிறகும் படம் வராவிட்டால், மொனிட்டரையே கேளுங்கள். மொனிட்டரை மின்சாரத்தில் வைத்துக்கொண்டு படக் கேபிளை மட்டும் கழற்றுங்கள். ‘கேபிள் இணைக்கப்படவில்லை’ என்ற பொருளில் ஒரு செய்தி திரையில் தோன்றினால் மொனிட்டரின் திரையும் அதன் பின்னாலுள்ள விளக்கும் நலமாக இருக்கின்றன. கேபிளைச் செருகிய பின் ‘நோ சிக்னல்’ என்று வந்தால் படம் வந்து சேரவில்லை. அல்லது மொனிட்டர் வேறு வாயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பழைய மொனிட்டர்கள் கடைசியாகப் பயன்படுத்திய விஜிஏயிலேயே நின்றுவிடுவதுண்டு. முன்பக்கப் பொத்தானை அழுத்தி, ‘இன்புட்’ என்ற இடத்தில் டிஸ்பிளே போர்ட்டை நீங்களே தெரிவு செய்ய வேண்டும். ‘அவுட் ஒஃப் ரேஞ்ச்’ என்று வந்தால் அது நல்ல செய்தி: படம் வந்துவிட்டது, ஆனால் மொனிட்டருக்கு ஒவ்வாத அளவில் வருகிறது. விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் அந்தத் திரைக்கு 1920க்கு 1080, 60 ஹேர்ட்ஸ் என்று கொடுத்தால், இந்த அளவுடைய பெரும்பாலான மொனிட்டர்கள் ஏற்றுக்கொள்ளும்.

விண்டோஸ் பக்கத்தில் செய்ய வேண்டியது அதிகமில்லை. விண்டோஸ் விசையையும் ‘பி’ (P) விசையையும் சேர்த்து அழுத்தி ‘எக்ஸ்டென்ட்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஒரு திரையில் பட்டியல், மறு திரையில் கணக்கு என்று வைத்துக்கொள்ள அதுவே உதவும். அதற்கும் அசையாவிட்டால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆங்கில எழுத்து வரிசையின் இரண்டாம் எழுத்தான ‘பி’ (B) ஆகிய நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். திரை ஒருமுறை கண் சிமிட்டி, படத்தைக் கையாளும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். பிறகு ‘ஷட் டவுன்’ கொடுக்காமல் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். விண்டோஸ் வழமையாக ‘ஷட் டவுன்’ கொடுக்கும்போது முழுமையாக அணைவதில்லை. பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து அதிலிருந்தே மீண்டும் எழும்புவதால், சிக்கலும் கூடவே எழும்பிவிடும்.

இனி அந்த விறுவிறுப்பு. மடிக்கணினிச் சார்ஜர்களின் உள்ளே, மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக வைக்கப்பட்டுள்ள சிறு கொள்ளளவிகள் (கபாசிட்டர்கள்) வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கணினியின் உலோகப் பகுதிக்குக் கசிகிறது. சார்ஜருக்குப் புவித்தொடுப்பு (எர்த்) கிடைத்தால் அது நிலத்துக்குப் போய்விடும். கிடைக்காவிட்டால், நம் 230 வோல்ட் மின்சாரத்தின் பாதிக்கு நெருங்கிய மின்னழுத்தம் அந்த உலோகத்தில் தங்கி நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் உடலுக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் அந்த நிலையில், புவித்தொடுப்புள்ள மொனிட்டரின் கேபிளை நீங்கள் செருகும் கணத்தில், தங்கியிருந்த மின்னேற்றம் கேபிளின் வழியாகப் பாய்கிறது. எச்டிஎம்ஐ போர்ட்டின் நுண்ணிய முனைகள் அதைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. இன்று நலமாக இருக்கும் உங்கள் போர்ட், திருத்துமிடத்தில் சொன்னதுபோல் நாளை உண்மையிலேயே பழுதாவதற்கு இதுவே வழி.

உங்கள் சார்ஜரின் மூன்று முனைச் செருகியை இரண்டு முனையாக மாற்றும் பிளக்கு ஒன்றின் வழியாகவோ, புவிக் கம்பி இல்லாத மல்டி பிளக் ஒன்றின் வழியாகவோ செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். எங்கள் பகுதியின் பழைய வீடுகளில் வட்ட முனைத் துளைகளும் வெளிநாட்டிலிருந்து வரும் சதுர முனைச் செருகிகளும் பொருந்தாமல், நடுவில் இப்படி ஏதாவது ஒன்று நுழைந்துவிடுகிறது. அதில் முதலில் காணாமற் போவது புவிக் கம்பிதான். அதை அகற்றி, மடிக்கணினியையும் மொனிட்டரையும் புவித்தொடுப்புள்ள ஒரே மல்டி பிளக்கில் செருகுங்கள். அதன் பிறகும் விறுவிறுத்தால், அல்லது விறுவிறுப்பு வெட்டுவதுபோல் கடுமையாக இருந்தால், சுவரிலுள்ள இணைப்பிலேயே குறை இருக்கக்கூடும். வயரிங் தெரிந்த ஒருவரை அழைத்துப் புவித்தொடுப்பை அளவீட்டுக் கருவியால் சோதிக்கச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தியதும் அது விழுந்துவிட்டது என்பதால் புவித்தொடுப்பு சரி என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். அந்தப் பொத்தான் சுவிட்சை மட்டுமே சோதிக்கிறது, நிலத்துக்குப் போகும் கம்பியை அன்று. அதுவரை இரண்டையும் அணைத்து, சுவரிலிருந்தும் கழற்றிய பின்னரே படக் கேபிளைச் செருகுங்கள்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் உங்கள் ஊரில் உப்புக் காற்றையும் மறக்கக்கூடாது. நெடுநாள் செருகாமல் கிடந்த போர்ட்டுகளின் உலோக முனைகள் மங்கிப் பச்சை பூக்கும். ஊசியால் சுரண்டாதீர்கள், மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட மெல்லிய தூரிகையால் கேபிளின் முனையைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு செருகுங்கள்.

ஒக்டோபர், நவம்பரில் இடி மின்னல் அதிகமாகும் பிற்பகல்களில் மின்செருகிகளைக் கழற்றுவது எல்லோருக்கும் பழக்கம். மொனிட்டருக்குப் பதிலாக வீட்டுத் தொலைக்காட்சியை மடிக்கணினியோடு இணைத்துப் பார்ப்பவர்கள், கூரையிலுள்ள டிஷ்ஷிலிருந்து இறங்கும் வயரையும் கழற்ற வேண்டும். மின்செருகி சுவரிலிருந்து விலகியிருந்தாலும் அந்த வயர் வழியாக இறங்கும் மின்வீச்சு, தொலைக்காட்சியைக் கடந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியே மடிக்கணினிக்குள் போய்விடும். மழைக்காலத்தில் எரிந்த போர்ட்டோடு மடிக்கணினியைக் கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் கேட்பதும் அந்த வயரைப் பற்றித்தான்.