பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இன்ஜின் ஆயில் ஒழுகுகிறது; கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

கேட்டவரின் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு கீழக்கரையில். வண்டி 1990களின் தொடக்கத்தில் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் இன்ஜின்; வீட்டுப் பெரியவர் வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது. வருடத்தின் பெரும்பகுதி ஷெட்டில்தான் நிற்கிறது. லீவுக்கு வந்து ஓட்டிப் பார்த்தால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது. பின்பக்க கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். சரி என்று சொல்லலாமா என்பது கேள்வி.

இப்போதைக்குச் சொல்லாதீர்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கிளட்சை மூடியிருக்கும் கூடுதான் பெல் ஹவுசிங். அதன் அடியில் சொட்டுவதை மட்டும் வைத்து கிராங்க் சீல் என்று முடிவு கட்ட முடியாது. ஆயில் கீழ்நோக்கி இறங்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். இன்ஜினில் மேலே, முன்னால் எங்கே கசிந்தாலும் கடைசியில் வந்து சேருவது அந்தத் தாழ்ந்த பின்மூலைதான். சொட்டும் இடத்தைப் பார்ப்பதில் பயனில்லை. நனைந்திருக்கிற இடங்களில் எது மிக உயரத்தில், மிக முன்னால் இருக்கிறது என்றுதான் தேட வேண்டும்.

நான் இராமநாதபுரத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். மண்டபம், பாம்பன் பக்கத்து விசைப்படகுகளின் டீசல் இன்ஜின்களில் வேலை பழகியவன். கார்கள் அதற்கு அப்புறம் வந்தவை. இந்த வண்டியில் சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் எது என்று கேட்டால், கிராங்க் சீல் இல்லை. சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், இன்ஜினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டை ஒட்டி, கேம் ஆங்கிள் சென்சார் என்று ஒரு உருண்டையான பாகம் செருகியிருக்கும். அதைச் சுற்றி ஒரே ஒரு ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம். வருடக்கணக்கில் இன்ஜின் சூட்டில் வெந்து அந்த ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி விறைத்துவிடும். அங்கே கசியும் ஆயில் ஹெட்டின் பின்பக்கம் வழியாக நேராக பெல் ஹவுசிங்மேல் இறங்கும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு அச்சு அசலாக கிராங்க் சீல் ஒழுகல் போலவே தெரியும். இந்த மாடல் வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க அறிந்த விஷயம் இது. நம் ஊரில் இந்த வண்டியே அபூர்வம் என்பதால் மெக்கானிக்குக்குத் தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை. ஓ-ரிங்கின் விலை சொற்பம். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியோ பல ஆயிரம்.

இதே கதையைப் பழைய மாருதி ஜிப்ஸியிலும் பார்த்திருக்கிறேன். அதில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் பின்முனையில் உட்கார்ந்திருக்கும், அதற்கும் ஓ-ரிங் உண்டு. தேவிபட்டினத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்தார். "அண்ணே, வெளியூர்ல பார்த்துட்டாங்க. கிராங்க் சீல்தானாம். கியர்பாக்ஸை இறக்க நாள் குறிச்சாச்சு" என்றார். "இறக்குங்க தம்பி, வேண்டாங்கல. அதுக்கு முன்னாடி ஒரு தடவை கழுவிப் பார்த்துருவோம்" என்றேன். கழுவித் துடைத்து உச்சிப்புளி வரை ஓட்டிவிட்டு வந்து பானெட்டைத் திறந்தால், டிஸ்ட்ரிபியூட்டரின் அடியிலிருந்து புதிதாக ஒரு ஈரக்கோடு. கியர்பாக்ஸை யாரும் தொடவில்லை.

அதனால் முதல் வேலை கழுவுவதுதான். அதற்கும் முன்னால், ஒழுகுவது இன்ஜின் ஆயில்தானா என்று உறுதி செய்யுங்கள். உங்கள் பக்கம் பல வீடுகளில் முற்றம் மணல்தான். மணல் சொட்டுகிற ஆயிலைக் குடித்துவிடும்; எவ்வளவு போகிறது, என்ன நிறம் என்று எதுவும் தெரியாது. ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து இரவில் வண்டிக்கு அடியில் விரித்து வையுங்கள், முன் சக்கரங்கள் இருக்கும் இடத்தை அதில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் கறை எங்கே விழுந்திருக்கிறது என்பது படம் போட்ட மாதிரி இருக்கும். பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் கியர் ஆயில். அப்படியானால் குற்றவாளி கியர்பாக்ஸ் முன்பக்க சீல். மெலிதாக, நிறம் குறைவாக இருந்து, பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உப்பினால் அது பிரேக் ஆயில். கிளட்சும் அதே ஆயிலில்தான் வேலை செய்கிறது. இந்த வண்டியில் கிளட்சைத் தள்ளும் சிலேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங்கின் வலப்பக்கத்தில்தான் பூட்டியிருக்கிறது. அது அடிக்கடி கசியக்கூடிய பாகம். கிளட்ச் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கழுவும்போது இன்ஜின் ஆறியிருக்கட்டும். டீகிரீசர் கிடைத்தால் அது, இல்லையென்றால் டீசலும் பழைய பிரஷும் போதும். அழுத்தத் தண்ணீரை இன்ஜின்மேல் அடிக்க விடாதீர்கள். சென்சார் கனெக்டர்களிலும் ஆல்டர்னேட்டரிலும் தண்ணீர் புகுந்தால் வேறு தொல்லை ஆரம்பிக்கும். காற்று அடித்துக் காய வைத்துவிட்டு, டீசல் வாடை முழுக்கப் போன பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். கழுவிய அழுக்கை அகலத் தட்டில் பிடியுங்கள், மணலில் விட வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். நம் கடற்கரையில் பல இடங்களில் சில அடி ஆழத்து ஊற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். அதற்கு அப்பால் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் பவளப்பாறைகளும் இருக்கின்றன. பழைய ஆயிலைக் கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்குபவர்களிடம் கொடுத்துவிடலாம்.

காய்ந்த பிறகு சந்தேகப்படும் இடங்களில் சாதாரண டால்கம் பவுடரை மெலிதாகத் தூவுங்கள். பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விட்டுப் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏர்வாடி வரை போய் வாருங்கள். கசிவு இருக்கும் இடத்தில் வெள்ளைப் பவுடர் கருத்துக் கோடு போட்டிருக்கும். கேம் சென்சாரின் பின்பக்கம் கண்ணுக்கு எட்டாது. செல்போனை உள்ளே விட்டு வீடியோ எடுங்கள். அதிலும் பிடிபடாவிட்டால், ஆயிலில் கலந்து புற ஊதா விளக்கில் பார்க்கும் சாயம் விற்கிறது. அது வரை போக வேண்டிய நிலை அரிதாகத்தான் வரும்.

கோடு டாப்பெட் கவரின் (சிலிண்டர் ஹெட்டின் மேல்மூடி) ஓரத்தில் தொடங்கினால் பேக்கிங் மாற்ற வேண்டும். எங்கள் தொழிலில் அடிக்கடி கெட்டுப்போவது இங்கேதான்: கசிகிறது என்றதும் ஸ்பானரைப் போட்டு இறுக்குவார்கள். மேனுவல் இந்தக் கவருக்குச் சொல்வது ஏறத்தாழ 5 முதல் 9 நியூட்டன் மீட்டர்தான், அதாவது மணிக்கட்டு பலம் மட்டும். மீறி இறுக்கினால் ரப்பர் பிதுங்கும், அலுமினிய ஹெட்டில் மரை போகும். இன்னொன்று, பேக்கிங்கைச் சுற்றி முழுக்க அனபாண்ட் (சிலிகான் பசை) பூசுவது. கேம் கேப் சேரும் மூலைகளிலும் பின்பக்க அரைவட்டங்களிலும் மட்டும் ஒரு சொட்டு சிலிகான் வைக்க வேண்டும். மீதி இடத்தில் பூசினால் பிதுங்கி உள்ளே விழுந்த துணுக்கு ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். ஒழுகல் நின்று இன்ஜின் போன வண்டிகள் உண்டு. ஸ்பார்க் பிளக் குழிகளில் ஆயில் தேங்கியிருந்தாலும் இதே பேக்கிங்தான் காரணம். இடப்பக்க ஓரத்தில் கசிந்தால் நேரே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்து புகையும். அதைத் தள்ளிப்போடாதீர்கள், தீப்பிடிக்கிற சமாச்சாரம்.

எந்த சீலையும் மாற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. டாப்பெட் கவரில் ஒரு ரப்பர் வளையத்துக்குள் பிசிவி வால்வ் செருகியிருக்கும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கிராங்க் கேஸுக்குள் இறங்கும் வாயுவை இன்டேக் பக்கம் இழுத்துவிடுவது அதன் வேலை. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். புது சீல் போட்டாலும் சில மாதத்தில் மறுபடி ஒழுகும். பிறகு சீல் டூப்ளிகேட் என்று கடைக்காரரைத் திட்டுவோம். வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள். கடகடவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் புதிது போடுங்கள். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து மெல்லிய பிளாஸ்டிக் தாளை வாய்மேல் வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. மூடியைத் திறந்ததும் ஐடில் தடுமாறினாலும் பயப்பட வேண்டாம், இந்த இன்ஜின் அப்படித்தான். தாளை வெளியே ஊதித் தள்ளினால் பிசிவி அடைப்பு, அல்லது ரிங் தேய்மானம். கம்ப்ரஷன் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு செலவு செய்ய வேண்டும்.

நம் கரைக்கென்று ஒரு கணக்கும் உண்டு. உப்புக்காற்று. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காப்பதே ஓயாத வேலையாக இருந்தது என்றால், இரும்புத் தகடு எம்மாத்திரம்? மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் ஆயில் ஃபில்டரின் டப்பா துருவேறி ஊசித்துளை விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். இரும்புத் தகட்டு சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருந்தால் அதிலும் இப்படி நடக்கும். பேக்கிங் கசிவு போலத்தான் தோன்றும், எத்தனை பேக்கிங் மாற்றினாலும் நிற்காது. கம்பி பிரஷால் தேய்த்து, துரு உரிகிறதா என்று பார்க்க வேண்டும். அரிச்சல்முனை வரை 2017இல் சாலை வந்த பிறகு எல்லோரும் வண்டியோடு அங்கே போகிறார்கள். போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள். கசிவின்மேல் மணல் ஒட்டிக் கெட்டியானால், மூலம் எதுவென்று கண்டுபிடிக்கவே முடியாமல் போகும்.

நின்றுகொண்டே இருப்பதும் சீலைக் கெடுக்கும். ஆயில் படாமல் சீலின் உதடு காய்ந்துவிடும். நீண்ட நாள் கழித்து ஓட்டும்போது முதல் சில தடவை கசிந்து, ரப்பர் நனைந்து இளகியதும் தானாக நிற்பதும் உண்டு. அதனால் லீவில் வந்த முதல் வாரத்தில் எந்தத் தீர்ப்பும் வேண்டாம். நீங்கள் இல்லாதபோது யாரையாவது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இன்ஜின் முழுச் சூடு ஏறும் அளவுக்கு ஓட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது நல்லதல்ல. உள்ளே நீராவி படிந்து ஆயில் கெடும்.

கேம் சென்சார் ஓ-ரிங்தான் காரணம் என்று தெரிந்தால், கழற்றுவதற்கு முன் சென்சாருக்கும் ஹெட்டுக்கும் குறுக்கே ஆணியால் ஒரு கோடு கீறுங்கள். இக்னிஷன் டைமிங் அதன் கோணத்தில்தான் இருக்கிறது. 12 அளவு போல்ட்டைத் தளர்த்தி இழுத்தால் வந்துவிடும். முனை ஒரே வாட்டத்தில்தான் பொருந்தும், மாற்றிப் போட முடியாது. சூடு தாங்கும் வைட்டான் ரப்பர் ஓ-ரிங் கேட்டு வாங்குங்கள். சாதாரண கறுப்பு நைட்ரைல் மறுபடியும் விறைத்துப்போகும். கோட்டைச் சேர்த்துப் பூட்டிவிட்டு டைமிங் லைட்டில் சரிபார்த்துவிட்டால் முடிந்தது.

முன்பக்க கேம் சீல், கிராங்க் சீல் கசிந்தால் அந்த ஆயில், கிராங்கிலிருந்து கேமைச் சுழற்றும் டைமிங் பெல்ட்டைத் தின்றுவிடும். அந்த வேலையை பெல்ட், வாட்டர் பம்ப் மாற்றும்போது சேர்த்துச் செய்யுங்கள், இரண்டு கூலி வேண்டாம்.

எல்லாம் பார்த்து, மேலே முழுக்கக் காய்ந்திருந்து, பெல் ஹவுசிங்கின் உள்ளிருந்து மட்டும் இன்ஜின் ஆயில் வருகிறது என்றால், அது பின்பக்க சீல்தான். அப்போது தயங்காமல் இறக்குங்கள். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீள அலுமினிய ஃபிரேமையும் கழற்ற வேண்டியிருக்கும், அதை மெக்கானிக்கிடம் முன்பே சொல்லிவிடுங்கள். திறந்த கையோடு கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கியர்பாக்ஸ் முன்சீல் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

ஒழுகல் நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ரப்பரை ஊத வைத்துக் கொஞ்ச நாள் நிறுத்தும், பிறகு சீல் தொளதொளத்துப் போகும். ஆயிலில் பிரேக் ஆயில் கலக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடுத்த லீவு வரை இப்படியே ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அட்டையில் இரவுக்குச் சில சொட்டு, புகை இல்லை, டைமிங் பெல்ட் பக்கம் காய்ந்திருக்கிறது என்றால் ஓட்டலாம். இந்த இன்ஜின் கொள்வதே நான்கு லிட்டருக்கும் குறைவு. ஒவ்வொரு பெட்ரோல் நிரப்பலுக்கும் சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றி வைக்காதீர்கள், அதுவும் கசிவைக் கூட்டும். ஆயில் லைட் ஒரு நொடி எரிந்தாலும் அங்கேயே இன்ஜினை நிறுத்துங்கள். கழுவி ஓட்டிய பிறகு சென்சாரின் பின்பக்கத்தையும் பெல் ஹவுசிங் அடியையும் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.