பேப்பர் இல்லாத பிள்ளைக்குக் காலேஜ் செலவு வீணா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் கலிபோர்னியாவில் இருக்கிறோம். கணவர் எச்-1பி என்ற வேலை விசாவில் வந்தவர். வேலை போனபின் வேறு கம்பெனி கிடைக்கவில்லை. ஊரில் கடன் இருந்ததால் திரும்பிப் போகவும் முடியவில்லை. ஸ்டேட்டஸ், அதாவது இங்கே சட்டப்படி தங்கும் உரிமை, போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவர் ஒரு ரெஸ்டாரண்ட் கிச்சனில் வேலை செய்கிறார். நான் வீட்டில் சமைத்துக் கொடுக்கிறேன். இதுவரை 14,000 டாலர் சேர்த்திருக்கிறோம். மகன் ஐந்து வயதில் எச்-4 என்ற குடும்ப விசாவில் வந்தவன், இப்போது 11-ஆம் வகுப்பு. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தான். போன மாதம் பள்ளியில் காலேஜ் உதவித்தொகை பற்றி ஒரு கூட்டம் நடந்தது. அங்கே சோஷியல் செக்யூரிட்டி எண் (அரசு தரும் அடையாள எண், அவனுக்கு இல்லை) கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து புத்தகத்தைத் தொடுவதில்லை. “எனக்கு எதுக்கும்மா காலேஜ், யார் வேலை கொடுப்பாங்க? அப்பாவோட கிச்சனுக்கே வரேன்” என்கிறான். வரும் நவம்பரில் அவனுக்கு 18 வயது முடிகிறது. கணவரின் நண்பர் ஒரு ஃபுட் டிரக்கில் பங்கு தருவதாகச் சொல்கிறார். பணத்தை அதில் போடலாமா, படிப்புக்கு வைக்கலாமா?

பதில்: சகோதரி, முதலில் ஃபுட் டிரக் விஷயத்தை முடித்துவிடுகிறேன். வேண்டாம். நண்பர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நாளைக்குத் தகராறு வந்தால் நீங்கள் கோர்ட்டுக்குப் போகத் தயங்குவீர்கள். அந்த நிலையில் இருப்பவர்கள் மொத்தச் சேமிப்பையும் வாய் வார்த்தையை நம்பிக் கொடுக்கக் கூடாது.

இனி உங்கள் மகனின் கேள்விக்கு வருவோம். அவன் கேட்டதில் ஒன்றும் தப்பில்லை. அது பணக் கணக்கு சம்பந்தப்பட்ட கேள்விதான். கையில் பாதி விவரத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தில் அவன் பார்த்தது மத்திய அரசின் உதவித்தொகைப் படிவமாக இருக்கும். ஸ்டேட்டஸ் இல்லாத மாணவர்களுக்கு அந்த உதவி கிடையாது என்பது உண்மை. ஆனால் கலிபோர்னியாவுக்குத் தனியாக ஒரு வழி இருக்கிறது. 2001-ல் வந்த ஏபி 540 என்ற சட்டப்படி, இந்த மாநிலத்தில் மூன்று ஆண்டு உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்தவர்கள், தங்குவதற்கான அனுமதிப் பேப்பர் இல்லாவிட்டாலும், மாநிலவாசிகள் கட்டும் கட்டணத்தையே கட்டலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெளி மாநில மாணவர்கள் கூடுதலாகக் கட்டும் தொகை மட்டுமே ஆண்டுக்கு 30,000 டாலருக்கும் மேல். அது உங்கள் மகனுக்கு இல்லை. 2011-ல் வந்த கலிபோர்னியா ட்ரீம் ஆக்ட் என்ற சட்டம், கால் கிராண்ட் (Cal Grant) போன்ற மாநில உதவித்தொகைகளையும் இந்த மாணவர்களுக்குத் திறந்துவிட்டது. அதற்குத் தனி விண்ணப்பம், சோஷியல் செக்யூரிட்டி எண் தேவையில்லை. 12-ஆம் வகுப்பு படிக்கும்போது அக்டோபரில் திறக்கும், மார்ச் 2-க்குள் போட்டுவிட வேண்டும். விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் இல்லை. “நான் போட்டுத் தருகிறேன், 500 டாலர் கொடுங்கள்” என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இப்போது தொகையைப் பாருங்கள். கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட், அதாவது பாடங்களை அளக்கும் ஒரு அலகு, 46 டாலர். இரண்டு வருடப் படிப்புக்கு 60 யூனிட் என்றால் மொத்தம் 2,760 டாலர். உங்களைப் போன்ற வருமானமுள்ள குடும்பத்துக்கு அந்தக் கட்டணத்தையே தள்ளுபடி செய்யும் திட்டமும் உண்டு, ஏபி 540 மாணவர்களும் அதைக் கேட்கலாம். அதன்பின் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டில் சேரலாம். அங்கே பணம் குறைந்தால் மாநில அரசின் ட்ரீம் லோன் என்ற கல்விக் கடன் இருக்கிறது, ஆண்டுக்கு 4,000 டாலர் வரை. தனியார் வங்கிக் கடன் பக்கம் போகாதீர்கள். வட்டியும் கூடுதல், ஸ்டேட்டஸ் உள்ள யாராவது ஜாமீன் கையெழுத்தும் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்காக நீங்கள் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டாம்.

சரி, படித்துவிட்டான். வேலை? இங்கேதான் அவனுக்குப் பொய் நம்பிக்கை தரக் கூடாது. பேப்பர் இல்லாதவரைத் தெரிந்தே வேலைக்கு வைக்கக் கூடாது என்பது 1986 முதல் மத்திய சட்டம். டிகிரி வாங்கினாலும் அது மாறாது. சிறுவயதில் வந்தவர்களுக்கு வேலை அனுமதி தரும், 2012-ல் வந்த டாக்கா (DACA) திட்டமும் அவனுக்கு உதவாது, 2007 ஜூன் 15 முதலே இங்கே இருந்திருக்க வேண்டும்.

ஆனால் கதவுகள் திறக்கும்போது யார் உள்ளே போக முடிகிறது என்று பாருங்கள். செர்ஜியோ கார்சியா என்பவர் குழந்தையாக மெக்சிகோவிலிருந்து வந்தவர். அவருடைய தந்தை 1994-ல் போட்ட கிரீன் கார்டு மனு 20 ஆண்டுகளாக வரிசையிலேயே கிடந்தது. வரிசை என்றால் என்னவென்று நம் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை! அவர் அதற்குள் சட்டம் படித்து வக்கீல் தேர்விலும் தேறிவிட்டார். 2014 ஜனவரியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், பேப்பர் இல்லாவிட்டாலும் அவருக்கு வக்கீல் உரிமம் கொடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு, தொழில் உரிமம் தரும் வாரியங்கள் ஸ்டேட்டஸைக் காரணம் காட்டி விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமும் வந்தது. கணக்காளர், நர்ஸ் எல்லாம் இதில் அடக்கம். உரிமம் வேறு, வேலை அனுமதி வேறு என்பதை அவனுக்குச் சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: எச்-1பி போன்ற விசாவுக்குப் பட்டம் வேண்டும். கிச்சனில் பத்து வருடம் நின்ற அனுபவத்தை அங்கே காட்ட முடியாது. இந்தியாவிலோ கனடாவிலோ வாழ நேர்ந்தாலும் அவன் கையோடு கொண்டுபோகக்கூடிய ஒரே சொத்து அந்தப் பட்டம்தான்.

இன்னொன்றும் அவனுக்குத் தெரிய வேண்டும். அவன் இத்தனை வருடம் உட்கார்ந்த பள்ளி பெஞ்சுக்காக முன்பின் தெரியாத பெற்றோர்கள் போராடியிருக்கிறார்கள். டெக்சாஸில் டைலர் என்ற ஊரில், 1977-ல், பேப்பர் இல்லாத பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் என்று பள்ளி நிர்வாகம் சொன்னது. சில குடும்பங்கள் வழக்குப் போட்டன. அன்றைக்கே நாடு கடத்திவிடுவார்களோ என்று சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டுதான் கோர்ட்டுக்கு வந்தார்கள். 1982-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் போயிருக்கும். அதே டெக்சாஸ், 2001-ல் கல்லூரிக் கட்டணச் சலுகையை முதலில் கொடுத்த மாநிலம். 2025 ஜூனில் மத்திய அரசு வழக்குப் போட்ட அன்றே அந்தச் சலுகை போய்விட்டது. கலிபோர்னியாவில் இன்றைக்கு இருப்பதை இன்றைக்கே பயன்படுத்திக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அவசரமாகப் படுகிறது. 18 வயது வரை ஒரு பிள்ளை ஸ்டேட்டஸ் இல்லாமல் இருந்த நாட்கள் அவன் கணக்கில் ஏறுவதில்லை. 18 முடிந்த நாளிலிருந்து ஏற ஆரம்பிக்கும். 180 நாளைத் தாண்டி நாட்டை விட்டுப் போனால் மூன்று வருடம் திரும்ப முடியாது. ஒரு வருடம் ஆகிவிட்டால் பத்து வருடம். நவம்பரில் 18 என்றால் மே மாதத்திலேயே 180 நாள் முடிந்துவிடும், அவன் பள்ளிப் படிப்பை முடிக்கும் முன்பே. ஊருக்கு அனுப்பி அங்கே காலேஜில் சேர்ப்பதும் ஒரு வழிதான், அவன் இந்தியக் குடிமகன். ஆனால் அதைத் தடையில்லாமல் செய்ய உங்களுக்கு இருக்கும் காலம் குறைவு. பிள்ளையைப் பிரிவது பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை, அது நீங்கள் மூவரும் உட்கார்ந்து பேச வேண்டியது.

ஆகவே 14,000 டாலரில் முதல் செலவு, குடிவரவுச் சட்டம் தெரிந்த, லைசென்ஸ் உள்ள வக்கீலோடு ஒரு மணி நேரம். கோவிலில் அறிமுகமானவர், டிராவல் ஏஜென்ட் யாரும் வேண்டாம். கணவரின் வருமான வரி பற்றியும் அந்த வக்கீலிடமே கேளுங்கள். 2025 ஏப்ரலில் வரித்துறை குடிவரவுத் துறையோடு தகவல் பகிர ஒப்பந்தம் போட்டதிலிருந்து, “பேசாமல் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள்” என்று முன்பு போல என்னால் சொல்ல முடிவதில்லை. 6,000 டாலரை அவசரத்துக்கென்று கிரெடிட் யூனியன் (கூட்டுறவு வங்கி போன்றது) சேமிப்புக் கணக்கில் வையுங்கள். 3,000 படிப்புக்கு, புத்தகமும் பஸ் செலவும் அதில் வரும். மீதி அப்படியே இருக்கட்டும், அவன் பல்கலைக்கழகம் போகும்போது தேவைப்படும்.

இந்தக் கணக்கை நீங்கள் போடாமல் அவனையே போடச் சொல்லுங்கள். 46-ஐ 60-ஆல் பெருக்கட்டும், கால் கிராண்ட் எவ்வளவு வரும் என்று தேடட்டும். பள்ளி கவுன்சிலரிடம் ஏபி 540 படிவம் பற்றி அவனே போய்க் கேட்கட்டும். வக்கீலைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். இங்கேயே படிப்பதா ஊருக்கு அனுப்புவதா என்ற செலவுக் கணக்கை அதை வைத்துப் போடலாம்.