கிட்டுக்குள்ள இன்னொரு கிட்

கேள்வி: நாங்கள் மூண்டு பேர் குரூப் ப்ராஜெக்ட் செய்யிறம். நான் உப்புவெளி, மற்ற ரெண்டு பேரும் கிண்ணியாவும் மூதூரும். ஃபைல் மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கிட் (Git) மென்பொருளிலதான் வேலை. ஒரு தீம் (theme, ஆயத்தமான வடிவமைப்பு ஃபைல்கள்) ஒண்டை குளோன் பண்ணி (இணையத்தில இருந்து பிரதி எடுத்து) ப்ராஜெக்டுக்குள்ள வச்சு, கனக்க மாத்தி, எல்லாத்தையும் புஷ் பண்ணிட்டன் (இணையத்துக்கு அனுப்பிட்டன்). அவையள் எடுத்துப் பாத்தா தீம் ஃபோல்டர் வெறுமையாம். நான் வேலையே செய்யேல்ல எண்டு நினைக்கினம்!
வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, நீங்கள் புஷ் பண்ணினது போய்ச் சேர்ற கிட்ஹப் தளத்தில அந்த ஃபோல்டர் ஐகனைப் பாருங்கோ, சின்ன அம்புக்குறி ஒண்டு இருக்கும். குளோன் பண்ணின தீமுக்குள்ள அதுக்கெண்டு ஒரு டாட் கிட் (.git) ஃபோல்டர் ஒளிஞ்சிருக்கு, மாற்றங்களின்ர பதிவெல்லாம் அதுக்குள்ளதான். வெளி ப்ராஜெக்டின்ர கிட் அதைக் கண்ட உடன உள்ளுக்கு ஒரு ஃபைலையும் தொடாது, தீம் எந்த கமிட்டில (சேமிச்ச பதிவில) நிக்குது எண்ட 40 எழுத்து நம்பரை மட்டும் குறிச்சு வச்சிட்டு அடுத்த வேலைக்குப் போயிடும். உங்கட கூட்டாளிகளுக்குப் போனது அந்த நம்பர்தான். நீங்கள் மாத்தினதெல்லாம் உங்கட லேப்டாப்பில மட்டும்தான் இருக்கு, அதால முதல்ல முழு ஃபோல்டரையும் வேற இடத்தில கொப்பி பண்ணி வையுங்கோ, அதுவரைக்கும் லேப்டாப்பை ஆரிட்டையும் குடுக்காதேங்கோ.

பிறகு வெளி ரெப்போவில (கிட் கவனிக்கிற உங்கட ப்ராஜெக்ட் ஃபோல்டரில) நிண்டு கிட் ஆர்எம் --கேஷ்ட் தீம் (git rm --cached theme) எண்டு அடியுங்கோ, ஃபைல் ஒண்டும் அழியாது. உள்ளுக்கிருக்கிற டாட் கிட்டை அழிச்சிட்டு திரும்ப ஆட், கமிட், புஷ். தீம் செய்தவர் பிறகு விடுற அப்டேட்டும் வேணுமெண்டா சப்மொடியூல் (ஒரு ரெப்போவுக்குள்ள இன்னொண்டை முறைப்படி இணைக்கிற வழி) இருக்கு, ஆனா உங்கட மாற்றங்களுக்கு தீமை உங்கட கணக்கில ஃபோர்க் பண்ண (சொந்தப் பிரதி எடுக்க) வேணும், ஒவ்வொரு தரமும் உள்ளதை முதல்ல புஷ் பண்ணிட்டுத்தான் வெளியதைப் புஷ் பண்ண வேணும். மூண்டு பேர் ப்ராஜெக்டுக்கு அந்தத் தலையிடி வேண்டாம் எண்டுதான் சொல்லுவன்.

கிட் உள்ளுக்க நுழையாம விடுறது சரிதான், ஒரே ஃபைலுக்கு ரெண்டு ரெப்போ சொந்தம் கொண்டாடினா ஆற்ற ஹிஸ்டரியை நம்புறது? என்ர கோவம் வேற. 2005 இல வந்த கிட், இப்பிடி ஆட் பண்ணேக்க ஒரு எச்சரிக்கை காட்டத் தொடங்கினதே 2017 இலதான், அதுவும் காட்டிட்டு ஆட் பண்ணிடும். கட்டளை அடிக்காம பட்டன் அமத்திற ஆக்களுக்கு அந்த வரி கண்ணிலயும் படாது. ஆனா கிட் கிளீன் (git clean, கிட்டில சேர்க்காத ஃபைல்களை அழிக்கிற கட்டளை) அடிச்சா, உள்ளுக்கு வேற ரெப்போ இருந்தா, எஃப் (-f) எண்டதை ரெண்டு தரம் போடும்வரைக்கும் அழிக்கவே மாட்டன் எண்டு நிக்கும். அழிக்க ரெண்டு தரம் கேக்கிறவருக்கு சேர்க்கேக்க ஒருக்கா நிண்டு கேட்டா என்னவாம்?