கேளுங்க, சொல்றோம்: இருபது டாலர் தங்கக் காசு எத்தனை பவுன்?

டாலஸில் இருக்கும் என் மச்சான் 1904-ஆம் வருஷத்து இருபது டாலர் தங்கக் காசு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்து எம்.எஸ். 63 என்று போட்டிருக்கிறதாம். தங்க விலைக்கு மேல் கேட்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

முதலில் பவுன் கணக்கைப் போட்டுவிடுவோம். காசின் எடை 33.436 கிராம், பத்தில் ஒன்பது பங்கு தங்கம், மீதி செம்பு. எடையில் நாலு பவுனுக்குக் கொஞ்சம் மேலே வரும், ஆனால் நம்ம 916-ஐ விட டச் ஒரு இழை குறைவு, சுத்தத் தங்கம் 30.09 கிராம்தான். அன்றைய விலைக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள், அதற்கு மேல் கேட்பதெல்லாம் அந்த 63-க்காக.

அந்த எண் காசு எவ்வளவு புதுசாக இருக்கிறது என்று சொல்லும் தர அளவு, 1-லிருந்து 70 வரை போகும். 60-லிருந்து மேலே என்றால் புழக்கத்துக்கே வராத காசு, அதைத்தான் எம்.எஸ். (மின்ட் ஸ்டேட்) என்கிறார்கள். அப்புறம் ஏன் 70 இல்லை என்றால், மூட்டை மூட்டையாக வங்கிக்கு வங்கி போனபோது ஒன்றோடொன்று இடித்து, காசில் இருக்கும் லிபர்ட்டி அம்மாவின் கன்னத்தில் சின்னச் சின்ன வெட்டு விழுந்திருக்கும். 63-க்கும் 65-க்கும் வித்தியாசம் பெரும்பாலும் அந்தக் கன்னத்தில்தான் இருக்கிறது! பிலடெல்பியாவில் 1904-இல் மட்டும் 62 லட்சத்துக்கு மேல் அடித்த காசு இது, அபூர்வம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேறு வருஷத்துக் காசில் பின்பக்கக் கழுகுக்குக் கீழே 'சிசி' என்ற எழுத்து இருந்தால் அது கார்சன் சிட்டி நாணயச்சாலையில் அடித்த காசு, அதன் கதையே வேறு.

காசுக்குத் தரம் போட்டுச் சீல் வைக்கும் நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. இரண்டில் ஒன்றின் பெட்டியாக இருக்கட்டும். பெட்டியிலும் போலி உண்டு, பெட்டியில் இருக்கும் சான்று எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டு, படம் இருந்தால் கீறலுக்குக் கீறல் ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். கொண்டுவரும்போது விமான நிலையத்தில் சிவப்பு வழியில் காட்டி வரி கட்டியே ஆகவேண்டும், வரியில்லாச் சலுகை நகைக்குத்தான், காசுக்குக் கிடையாது. அந்த வரியையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அவசரம் என்று கிருஷ்ணகிரி கடைவீதிக்குப் போனால் உருக்கி எடுக்கும் தங்கத்தின் விலைதான் கிடைக்கும், 63-க்கு ஒரு பைசா தரமாட்டார்கள். ஆசைக்கு வாங்குவதென்றால் சரி, முதலீடு என்றால் என் ஓட்டு இல்லை.

கோலார் சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தாவின் பெட்டியில் 1909 ஐந்து டாலர் காசு கிடைத்தது. செவ்விந்தியர் தலை, உருவம் உள்ளே பள்ளமாக இருக்கிறது. பத்தர் உரைகல்லில் உரசிப் பார்க்கலாம் என்கிறார்.
– ஒரு வாசகி, பென்னாகரம்

அம்மா, உரசவே உரசாதீங்க! பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைப்பது, பாலிஷ் போடுவது எதுவும் வேண்டாம். ஒரு தடவை தேய்த்த காசுக்கு எண் தரமாட்டார்கள், 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி ஒதுக்கிவிடுவார்கள், விலையும் விழுந்துவிடும். பள்ளமாக இருப்பது பழுதில்லை, 1908-இலிருந்து 1929 வரை இந்த மாதிரியை அப்படித்தான் அடித்தார்கள். பத்தரின் தராசில் வைத்து 8.36 கிராம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள், பல வருஷம் புழங்கிய காசு என்றால் ஒரு துளி குறையலாம். எடை சரியாக இருந்தாலும் போலி இல்லை என்று ஆகிவிடாது, இந்த வகையில் தங்கத்திலேயே அடித்த போலிகள் நிறைய.

தரம் போட அமெரிக்காவுக்குத் தபாலில் அனுப்பும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். நூறு வருஷம் தாண்டிய காசு 1972-ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள், தனி ஆள் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக்கூடாது.

1933 இருபது டாலர் காசு ஒன்று வாட்ஸ்அப்பில் இரண்டு லட்சத்துக்கு வருகிறது…
– ஒரு வாசகர், ஓசூர்

அந்த வருஷத்துக் காசில் தனி ஆள் வைத்துக்கொள்ள அமெரிக்க அரசு அனுமதித்தது ஒன்றே ஒன்றுதான். 2021-இல் 1 கோடியே 89 லட்சம் டாலருக்குப் போனது. எண்ணை பிளாக் பண்ணுங்க.